கால்சட்டைப் பையில் இடது கை

1

இக்கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது. பெங்களூரின் ஒரு பாலிடெக்னிக்கில் ஆண்டுதோறும் பழைய மாணவர்கள் தம் வேலையைப் பற்றிப் பேச வருவார்கள். விரல் இழந்தவர்கள் அந்தக் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கமாட்டார்கள். எவரும் கட்டளையிட்டதில்லை, எவரும் மீறியதுமில்லை. விமர்சனக் கட்டுரைகள் எழுதிப் பழகிய நான், முதலில் இதற்கு 'உடலின் மௌனம்' என்று தலைப்பிட்டேன். தலைப்பு அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "விவேக் நகர் கோயில் மணி ஒலித்தபோது யூஜின் தன்" (வேண்டாம். மணி ஒலித்தாலே வாசகர் இரங்கத் தயாராகிவிடுவார்.)

மற்றொன்று: டிப்ளமோ முடித்த யூஜின், பொம்மனஹள்ளியில் தகடு வெட்டும் ப்ரெஸ் இயந்திரத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இரு பட்டன்களை இரு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் அது இறங்கும்; கை உள்ளே சிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அவனது பட்டறையிலோ ஒரு பட்டனை வாஷர் வைத்து அழுத்தி, மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். ஒரு கை இயக்கும், மறு கை தகட்டைத் தள்ளும், உற்பத்தி கூடும்.* அப்படித்தான் அவனுடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. 'பைக்லேர்ந்து விழுந்துட்டேன்' என்றான் மருத்துவமனையில். அந்தப் பொய்க்கு ஈடாக நிரந்தரப் பணி ஆணை திங்கட்கிழமை வருமாம்.

* தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் டேப்பை உரித்துவிடுவார்கள்.

3

பாலிடெக்னிக்கில் பழைய மாணவர் கூட்டம். அரங்கின் முன்வரிசையில் யூஜினின் கம்பெனி மேனேஜர்.

"டேய் குரு, கைய வெளிய எடுத்துடாத. லெட்டர் ரெடியாம்" என்று யூஜினிடம் கிசுகிசுத்தான் சுனில் (பெங்களூரில் நண்பன் எவனும் 'குரு'தான்). அவனும் அதே வகுப்பில் படித்தவன். அவனது கையும் பையில்தான். "நம்ம பேட்ச் கை தட்டுனா சத்தமே வராது, மச்சா."

"சொல்லுப்பா யூஜின், பசங்களுக்கு நாலு நல்ல வார்த்தை" என்று மைக்கை நீட்டினார் வேலைவாய்ப்பு அதிகாரி சீனிவாசராகவன்.

அதற்குள் இறுதியாண்டு மாணவி வீணா எழுந்தாள். "அண்ணா, நான் உங்க கம்பெனியிலதான் சேரப்போறேன். ப்ரெஸ்ல ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தணும்னு லேப்ல சொல்லிக்குடுத்தாங்க. அங்கயும் அப்படித்தானே?"

4

இங்கே எனக்கு யூஜின்மேல் ஐயம். 'வாய்மையின் கணத்தில் மனிதன் தன்னை' (அடித்துவிட்டேன், வாடகை கட்டுபவனிடம் சொல்லக்கூடிய வாக்கியமல்ல.)

முடிவு அ: "ஆமாம்மா" என்கிறான். நம்பத்தகுந்த முடிவு இதுவே. எழுதிப் பார்த்தேன்; வீணா அந்த இயந்திரத்தின் முன் நின்றதும் பேனா நகரவில்லை.

முடிவு ஆ: மைக் பழுதாகிறது. வெறும் தந்திரம்.

திங்கட்கிழமை ஆணை வந்ததா என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என்னால் எழுத முடிந்தது இவ்வளவே:

யூஜின் மைக்கை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினான். மூன்று விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன.

"இல்லம்மா" என்றான். "ஒண்ணுல டேப் ஒட்டியிருப்பாங்க. இது பைக்லேர்ந்து விழுந்து போனதில்ல."