புள்ளிகள் அணையும் கடல்

திரையில் கடல் கறுப்பாக இருந்தது. அதன்மேல் ஆயிரக்கணக்கான மஞ்சள் புள்ளிகள். காணாமல் போன படகு இந்நேரம் எங்கெல்லாம் இருக்கலாமோ அங்கெல்லாம் ஒரு புள்ளி. காற்றையும் நீரோட்டத்தையும் கொடுத்துவிட்டால் கணினி அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்கும். காலையில் உள்ளங்கைக்குள் அடங்கிய கூட்டம், மதியத்துக்குள் கொட்டிவிட்ட கடுகாகச் சிதறிவிட்டது. மீட்பு மையத்தில் இத்தனை வருடமாக யார் யாருடைய படகுகளுக்கோ இந்த வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தவள், இன்று தன் தம்பியின் படகுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது பண்ணட்டுமே சார்" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வேற யாருக்கும்மா தெரியும்?" என்றார் அதிகாரி.

புள்ளிக் கூட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இன்ஜின் ஓடினால் கரையைப் பார்த்து வந்திருப்பான்; மேற்கு. நின்றுபோயிருந்தால் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போயிருப்பான், தெற்கு. இருப்பதோ ஒரே விமானம். இருட்டுவதற்குள் ஒரு பக்கம்தான் தேட முடியும்.

தம்பியின் மனைவி, செருப்பை ஜோடி மாற்றிப் போட்டு வந்ததுகூடத் தெரியாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்ஜின் மக்கர் பண்ணுதுன்னு போன வாரம் சொன்னானே, சரி பண்ணிட்டானா?"

"பண்ணிட்டேன்னு சொன்னாருக்கா. சத்தியமா."

சொல்லியிருப்பான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் வாயில் எல்லாமே 'முடிச்சாச்சு'தான். அப்பாவுக்கு மாத்திரை வாங்கியாச்சு, அடுப்பை அணைச்சாச்சு. சிரித்துக்கொண்டே சொல்வான்; மறுபடி கேட்க யாருக்கும் மனசு வராது. அந்தச் சிரிப்பைக் கணினியில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

"தெற்கு" என்றாள் அதிகாரியிடம். "இன்ஜின் ஓடலைன்னே வெச்சுக்கங்க."

விமானம் கிளம்பிய செய்தி வந்ததும் தம்பியின் மனைவி எழுந்துவிட்டாள்.

"அப்போ அவரு பொய் சொன்னாருங்கறீங்க."

"உசுரோட வரட்டும். அவன் கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன்."

"ஒரு தடவைகூட அவரை நம்ப மாட்டீங்களாக்கா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில் விமானியின் குரல் வந்தது. "முதல் சுத்து முடிஞ்சது. ஒண்ணும் தெரியல."

விமானம் பார்த்து முடித்த பட்டையில் புள்ளிகள் மங்கின. அங்கே குறைந்த நம்பிக்கையைக் கணினி மிச்ச இடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. மேற்கே இருந்தவை கொஞ்சம் பளிச்சென்று ஆயின. அப்படித்தான் ஆகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுக்கும் கணக்கு அது. இரண்டாவது சுற்று, ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் இல்லை. தெற்கு இருண்டுகொண்டே வந்தது.

"இப்ப மேற்கே திருப்ப முடியுமா சார்?" தெற்கு என்று சொன்ன அவளே கேட்டாள்.

அதிகாரி தலை குனிந்துகொண்டார். "அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் பத்தாதும்மா."

தெற்கே இன்னும் ஒரே ஒரு பட்டை பாக்கியிருந்தது. திரையில் விமானம் வளைந்து திரும்பி அதற்குள் நுழைந்தது. தம்பியின் மனைவி அதைப் பார்க்கவில்லை. திரைக்கு அருகில் போய், மேற்கே புள்ளிகள் நெருங்கிக் கிடந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். புள்ளிகளின் வெளிச்சம் ஏற ஏற, அது ஊடுருவிய அவளுடைய விரல் நுனிகள் சிவந்துகொண்டே வந்தன.