கைப்பிடிப் பக்கத்து எடை

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் தணிகைவேல் தினமும் மாலை ஐந்து மணிக்கு வாள் சுழற்றுவார். வாளுக்கு நாற்பது அடி நீளம், ஆறு டன் எடை. அவருக்கு அறுபது கிலோ. எதிரி இன்னும் வரவில்லை. அதற்காகப் பயிற்சியை விட முடியாது.

அவர் பலத்தில் குறையில்லை. குறை கட்டடத்தில்தான். வாள் கிழக்கே போனால் கட்டடம் கிழக்கே சாயும். உடனே நாங்கள் நூற்றிரண்டு பேரும் மேற்குப் பால்கனிகளுக்கு ஓட வேண்டும். வாள் மேற்கே வந்தால் கிழக்குக்கு. எங்கள் எல்லோரையும் சேர்த்தால் சரியாக ஆறு டன். சங்கத்தில் மணி அடிப்பார்கள்.

என் மனைவி சுகந்திக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். ஓட முடியவில்லை. சங்கச் செயலாளர் எத்திராஜ் எடை மெஷினோடு வந்தார். அவள் எட்டு கிலோ இளைத்திருந்தாள். அவளுக்குப் பதிலாக அரிசி மூட்டை வைக்கிறேன் என்றேன்.

“அரிசி ஓடாது சார்.”

மாடிக்குப் போய், ஒரு வாரம் மட்டும் நிறுத்தி வையுங்கள் என்று தணிகைவேலைக் கெஞ்சினேன். தங்கமான மனிதர். அவர் கண் கலங்கிவிட்டது.

“தூக்குற பலம்தான் சார் எனக்கு இருக்கு. நிறுத்துற பலம் நீங்கல்லாம் ஓடுறதுலதான் இருக்கு.”

மறுநாள் எத்திராஜ் ஒரு படிவம் கொண்டுவந்தார். ஓட முடியாதவர்களை எதிர் எடையாக வாளின் கைப்பிடி நுனியில் கயிற்றால் கட்டித் தொங்கவிடலாமாம். சும்மா தொங்கினால் போதும், நோயாளிக்கு நல்ல காற்றும் கிடைக்கும் என்றார். முடியாது என்றேன். அவர் எங்கள் சுவரைப் பார்த்தார். அதில் விரிசல் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை சுகந்தி எங்கள் சமையலறை ஜன்னலைக் கடந்து போனாள்.

“சாப்டீங்களா?” என்றாள்.

பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். அடுத்த சுற்றில், குறுக்கே ஓடும்போது சொன்னேன். அதன்பிறகு தினமும் இப்படித்தான் பேசிக்கொண்டோம். அவள் இளைக்க இளைக்க, எத்திராஜ் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டினார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று ஜன்னலில் கயிறு வந்தது. சேலை வந்தது. கேள்வி வரவில்லை.

அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன். மறுபடி கயிறும் சேலையும் வந்தன.

“சாப்பிட்டேன்” என்றேன்.

மணி அடித்தது. நான் மேற்கே ஓடினேன்.