லோனப்பன் செத்த ஷாட்

லோனப்பனுக்கு நடிப்பு என்றால் உயிர். இரிஞ்ஞாலக்குடா பக்கம் எங்கே படப்பிடிப்பு நடந்தாலும் இஸ்திரி போட்ட வேட்டியோடு போய் நிற்பார். ஒருவரும் சீண்டியதில்லை. இப்போதைய மலையாளப் படக்காரர்களுக்கு நடிக்கிறவனைக் கண்டாலே ஆகாது. ரேஷன் கடைக்கு வந்தவன்போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். லோனப்பனுக்கோ புருவம் ஓரிடத்தில் நிற்காது.

அப்படிப்பட்டவர் வீட்டையே ஒரு படக்குழு கேட்டு வந்தது. சாவு வீட்டுக் காட்சிக்கு ஓட்டு வீடு வேண்டுமாம். லோனப்பன் சமயம் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வீடு தர்றேன். ஆனா என் மூஞ்சி படத்துல முழுசா வரணும்."

இயக்குநர் ஷெபின் அந்தப் புருவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சேட்டா, நீங்களே பிணமாப் படுத்துக்கங்க. மூஞ்சி பெருசாவே வரும். நடிக்க மட்டும் கூடாது."

"செத்துக் கிடக்கறதுல என்னத்த நடிக்கப் போறேன்?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு," என்றாள் மனைவி த்ரேசியா.

படப்பிடிப்பன்று ஊரே துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. யாருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ரப்பர் விலையையும் தேர்தலையும் பேசினார்கள். பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று ஜெபமாலை உருட்டினார்கள். ஷெபினுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கேமரா யார் கண்ணையும் உறுத்தக் கூடாதென்று அதை ஜன்னலுக்கு வெளியே, பலாமரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். முச்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸும் கட்டியிருந்தார்கள். லோனப்பன் பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம், கீழே 'ஆதராஞ்சலிகள்' என்று மலையாளத்தில் கண்ணீர் அஞ்சலி. சினிமாவுக்காக வைத்தது என்று அதில் எங்கும் எழுதவில்லை. எழுதினால் அப்புறம் என்ன இயல்பான படம்?

அந்த முச்சந்தியில்தான் இட்டூப்பு பஸ்ஸிலிருந்து இறங்கினார். லோனப்பனின் அடுத்த வீட்டுக்காரர். எர்ணாகுளத்தில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறார், ஊர்ச் சேதி எதுவும் தெரியாது. இரண்டு பேருக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. வேலித் தகராறு என்றால்கூடப் பரவாயில்லை. மலையாளத்தின் இரண்டு பெரிய நடிகர்களில் யார் உசத்தி என்பதுதான் தகராறு. டீக்கடையில் தொடங்கியது தியேட்டர் வாசலில் சட்டையைப் பிடிப்பதில் முடிந்தது. அதன்பிறகு இட்டூப்பின் பேரன் ஞானஸ்நானத்துக்கு லோனப்பனுக்கு அழைப்பில்லை. அந்த நடிகர்கள் என்னவோ மேடைக்கு மேடை கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே ஷெபின் "ஆக்‌ஷன்" என்று கிசுகிசுத்ததும் லோனப்பன் மூச்சை அடக்கினார். புருவம் அசையாமல் கிடந்தது. வாழ்நாளில் இவ்வளவு நன்றாக அவர் நடித்ததே இல்லை.

அப்போது வாசலில் ஒரு சத்தம். கையில் மலர்வளையம், ஒற்றைக் காலில் செருப்பு, இட்டூப்பு ஓடி வந்து பெட்டியின்மேல் விழுந்தார்.

"எடா லோனப்பா, சொல்லாமப் போயிட்டியேடா. உன் ஆளுதான்டா பெரிய நடிகன். ஒத்துக்கறேன். என் ஆளு அவன் கால் தூசிக்கு ஆக மாட்டான். போதுமா? எந்திரிடா."

பிணத்தின் உதடு மெல்ல விரிந்தது. பிறகு பல் தெரிந்தது. கடைசியில் இரண்டு புருவமும் ஏறி நெற்றியில் போய் நின்றன.

"கட்," என்றான் ஷெபின்.

லோனப்பன் எழுந்து உட்கார்ந்தார். இட்டூப்பு சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். பிறகு ஜன்னல் வழியாகக் கேமராவைப் பார்த்தார், லோனப்பனைப் பார்த்தார், மலர்வளையம் பிய்ந்து போகிறவரை அதனாலேயே அவரைச் சாத்தினார்.

ஷெபின் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "சேட்டா, இந்த மாதிரி அழுகை எந்த நடிகன்கிட்டயும் கிடைக்காது. ஆனா பிணம் இளிக்குது. இதை வச்சா உங்க மூஞ்சியை வெட்டணும், காலு மட்டும்தான் வரும். வாக்குக் குடுத்திருக்கேன், வேணும்னா இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கறேன். நீங்க சொல்றதுதான்."

த்ரேசியா கணவனைப் பார்த்தாள். முகம் திரையில் வரப்போகிறது என்று அவர் போன் போட்டுச் சொல்லாத சொந்தக்காரன் பாக்கியில்லை. லோனப்பன் இட்டூப்பைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"மூஞ்சி கிடக்கட்டும். அழுகையை வையி."

இட்டூப்பு மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிணத்துக்கிட்டச் சொன்னதெல்லாம் செல்லாது. உயிரோட இருக்கறவன்கிட்டச் சொல்றேன், கேட்டுக்க. என் ஆளுதான் உசத்தி."

"என்னத்துல உசத்தி?" என்று கேட்டபடி லோனப்பன் பெட்டிக்குள்ளேயே சம்மணம் போட்டு, பக்கத்தில் கொஞ்சம் இடமும் விட்டு உட்கார்ந்தார்.