அண்ணன்னா என்ன?

வாசலில் நின்றபடியே தோப்ரி பெரியப்பா அல்வா டப்பாவை நெவேனாவின் கையில் திணித்தார். "உங்கப்பன் முழிச்சிருக்கானா?" பதிலுக்குக் காத்திராமல் காலணியோடு உள்ளே நடந்தார்.

நெவேனா டப்பாவோடு பின்னாலேயே ஓடினாள். அன்று மன்னிப்பு ஞாயிறு; தவக்காலத்துக்கு முந்தைய அந்த நாளில் இளையவர்தான் மூத்தவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இருவருக்கும் பொதுவான பிளம் தோப்பைத் தம்பிக்குச் சொல்லாமல் விற்றவர் பெரியப்பா. ஆனாலும் முறை முறைதான் என்று பதினெட்டு வருடம் அங்கே உட்கார்ந்திருந்தார். தப்புச் செய்தவன் வரட்டும் என்று அப்பா இங்கே. இரண்டு பிடிவாதத்துக்கும் நடுவே ஒரே ஒரு தெரு.

"அப்பா, உங்க அண்ணன் வந்திருக்காரு."

"அண்ணன்னா என்ன?" என்று மரியாதையாகக் கேட்டார் அப்பா லூபென்.

பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "பாத்தியா, குத்திக் காட்டுறான்! எனக்கு நல்லா வேணும்." அவர் திரும்ப, நெவேனா கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, குத்தல் இல்ல பெரியப்பா. நெசமாவே தெரியல. பேச்சு நல்லாத்தான் இருக்கு, அர்த்தம் போயிடுச்சு. மொதல்ல நரி, ஓநாய் எல்லாம் நாயாச்சு. அப்புறம் நாயும் வெறும் 'அது'வாச்சு. மூளையில அர்த்தம் இருக்கிற எடமே சுருங்கிட்டு வருதுன்னு டாக்டர் சொல்றாரு. போன மாசம் எங்கிட்டயே 'மகள்னா என்ன'ன்னு கேட்டாரு."

பெரியப்பா உட்கார்ந்தார்.

"டேய், என்னை மன்னிச்சிடுடா."

"மன்னிக்கிறதுன்னா?"

இதை எப்படிச் சொல்வது? முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. தோப்புப் பத்திரத்தில் தம்பியின் கையெழுத்தைத் தானே போட்டதையும், கேட்டபோது தங்கள் அம்மாமேல் பழி சொன்னதையும் அவர் சொன்னார். நெவேனாவுக்கே அது புதிது. ஆத்திரமாக வந்தது. அப்பாவோ வானொலிச் செய்தி கேட்பவர் மாதிரி கேட்டார்.

"அந்த ஆளோட தம்பி என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"பாவம்," என்றார் அப்பா.

அன்று சாயங்காலமே, உட்கார்ந்த நாற்காலியிலேயே, அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் கல்லறையில் நெவேனா அவித்த கோதுமையைப் பங்கிட்டாள். வாங்கிய ஒவ்வொருவரும் வழக்கப்படி "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லி நகர்ந்தார். பெரியப்பா கோப்பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"சொல்லுங்க பெரியப்பா."

"அவனை எதுக்கும்மா மன்னிக்கணும்? என்னைத்தானே," என்றார்.

வரிசை காத்திருந்தது. அவள் இன்னொரு கரண்டி அள்ளி அவர் கோப்பையில் போட்டாள்.