பன்னிரண்டாவது முதுகு

1

“எப்படி இருக்கு அண்ணி?”

“நல்லா இருக்கு.”

“அவ்வளவுதானா?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

இந்தக் கதை பிறந்தது இந்த நான்கு வரியில்தான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்டவள் என் நாத்தனார். சொன்னவள் நான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது என் முதல் நாவலுக்கு அவள் வரைந்த அட்டைப்படம். ஜன்னலோரம் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. அவள் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ‘இவ மூஞ்சி எங்கேம்மா?’ என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. எட்டு மாத அண்ணி, நாத்தனாரிடம் அப்படியெல்லாம் கேட்டுவிட முடியுமா? விழுங்கிவிட்டேன்.

அதன்பின் வருடத்துக்கு ஒரு நாவல். நாவலுக்கு ஒரு முதுகு. படிக்கட்டில் முதுகு, மழையில் முதுகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் முதுகு, ரயில் நிலையத்தில் முதுகு (அந்த அட்டையில் ரயிலுக்கு முகம் இருந்தது). ஒவ்வொரு முறையும் அவள் கேட்டாள், நான் நல்லா இருக்கு என்றேன். ஒரு வாசகி கடிதமே போட்டாள்: “உங்கள் கதாநாயகிகள் எல்லோரும் எங்கள்மேல் கோபமாக இருக்கிறார்களா, மேடம்?”

2

சொல்லப்போனால் கதையை நான் இப்படித் தொடங்கவில்லை. முதல் வரைவு இது:

‘இணையம் என்னும் பெருங்கடலில்—’

(வேண்டாம். எனக்கு நீச்சல் தெரியாது.)

இரண்டாவது:

‘கணினித் திரையின் ஒளியில் அவளுடைய அகன்ற விழிகள்—’

(இதையும் விட்டுவிட்டேன். கதாநாயகிகளின் கண்களைப் பற்றிப் பதினோரு நாவல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அட்டையில் அந்தக் கண்களைப் பார்த்தவர் ஒருவருமில்லை.)

மூன்றாவது, சும்மா நடந்ததைச் சொல்வது. என் நாத்தனார் மருந்துப் பெட்டிகள் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். இருமல் மருந்துப் பெட்டியில் தேக்கரண்டிப் படம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்காக மூன்று நாள் மேலதிகாரியோடு சண்டை போடக்கூடியவள். ஆறு வருடத்துக்கு முன்னால் இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தாள். பெயர் ‘தயங்காமல் சொல்லுங்கள்’. லேபிள், போஸ்டர், விசிட்டிங் கார்டு என்று யாரும் தங்கள் டிசைனைப் போடலாம். மற்றவர்கள் பார்த்து, எங்கே சரியில்லை என்று சொல்ல வேண்டும். அவள்தான் அட்மின்.

முதலில் முப்பது பேர் இருந்தார்கள், அடித்துக்கொண்டார்கள், நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இப்போது நாலாயிரம் பேர். அடிதடி நின்றுவிட்டது. ‘சூப்பர்’, ‘செம’, ஒரு கட்டைவிரல் படம், முடிந்தது.

3

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக் குழுவைப் பெருக்கித் துடைப்பாள்.

“பாருங்க அண்ணி, ஒரு கேக் கடைக்காரம்மா பெட்டிக்கு லேபிள் போட்டிருக்காங்க. நாப்பது பேர் சூப்பர்னு எழுதியிருக்கான். கேக்கோட பேரையே எழுத மறந்திருக்காங்க! ஒருத்தன் கண்ணுக்காவது தெரியணுமே?”

“அழகா பூப் போட்டிருக்காங்களேம்மா.”

“நீங்க அந்த நாப்பத்தொண்ணாவது ஆள்.”

அன்றைக்கே மூன்று விதி போட்டாள். தன் டிசைனைப் போடுவதற்கு முன் வேறு இரண்டு பேருடையதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கருத்தில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: கண் முதலில் எங்கே போனது? எங்கே தடுக்கியது? ஏன்? கடைசி விதி, இருபது சொல்லுக்குக் குறைந்த கருத்து உடனே வெளியே தெரியாது. அது காத்திருப்புப் பெட்டிக்குப் போய்விடும். அவள் படித்து அனுமதித்தால்தான் வரும்.

“இனிமே நல்லா இருக்குன்னு ரெண்டு சொல் போட்டுட்டு எவனும் ஓட முடியாது” என்று கையைத் தட்டிக்கொண்டாள்.

மறுநாளே ஒரு உறுப்பினர் எழுதியது: ‘இந்த டிசைனைப் பார்த்தவுடன் என் கண் முதலில் டிசைனுக்குப் போனது எங்கேயும் தடுக்கவில்லை ஏனென்றால் தடுக்குவதற்கு எதுவும் இல்லை ஆகவே மொத்தத்தில் மிகவும் நல்லா இருக்கு நன்றி.’

எண்ணிப் பாருங்கள். சரியாக இருபது.*

* ‘நன்றி’யை எடுத்துவிட்டால் பத்தொன்பது. மரியாதை எதற்கெல்லாம் உதவுகிறது!

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு கதாநாயகன் தேவை என்று எனக்குத் தோன்றியது. தொழில் புத்தி.

குழுவில் ‘கத்தரி’ என்ற பட்டப்பெயரில் ஒருவர் உண்டு. அந்தக் கேக் லேபிளுக்குக் கீழே அவர் எழுதியது: ‘பார்த்ததும் பசி போயிடுச்சு.’ சொற்கள் குறைவு, காத்திருப்புப் பெட்டிக்குப் போனது. என் நாத்தனார் திருப்பி அனுப்பினாள். ‘இது திட்டு. கருத்து எழுதுங்க.’ மறுபடி எழுதினார், மறுபடி திட்டு, மறுபடி திருப்பினாள். மூன்றாவது தடவை வந்தது இது: ‘கண் முதலில் பூவுக்குப் போனது. அங்கிருந்து பெயரைத் தேடித் தடுக்கியது. பெயரே இல்லை. கடைக்கு வருகிறவர் விரலை நீட்டி, அதோ அந்த ரோஸ் பெட்டி என்றுதான் கேட்க முடியும்.’ கேக் கடைக்காரம்மா மறுநாளே பெயர் எழுதிய பெட்டியைப் போட்டு நன்றி சொன்னாள்.

இரண்டு முறை திருப்பி அனுப்பும் பெண், இரண்டு முறையும் திரும்பி வரும் ஆண். வேறென்ன வேண்டும்? உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன்.

‘அவன் உயரமானவன். அவன் குரலில் ஒரு—’

நாத்தனார் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

“யாரு அண்ணி இது?”

“கத்தரி.”

“ஐயோ! அவருக்கு ரெண்டு பேரப்பசங்க. அச்சகத்துல தாள் வெட்டுற மெஷின்ல முப்பது வருஷமா வேலை. அதான் கத்தரி.”

“அவர் சம்சாரம்?”

“திடமா இருக்காங்க. உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தக் கேள்வி?”

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆகவே இந்தக் கதையில் கல்யாணம் கிடையாது. அதற்காகவே வந்த வாசகர்கள் தயவுசெய்து மன்னிக்கவும். இன்னும் கொஞ்சம் இருங்கள், சண்டை வருகிறது.

5

என் பன்னிரண்டாவது நாவலுக்கு அவள் அட்டை வரைந்து முடித்தாள். என்னிடம் காட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். ‘புதுசு’ என்று ஒரு பொய்ப் பெயரில் தன் குழுவிலேயே அந்தப் படத்தைப் போட்டாள். ஆறு வருடத்தில் அவள் தன்னுடையதைப் போட்டது அதுதான் முதல் தடவை.

அறுபத்து மூன்று கருத்துகள் வந்தன. எல்லாம் இருபது சொல். எல்லாம் நல்லா இருக்கு.

அந்த வாரம் அலுவலகத்தில் இருமல் மருந்து நெருக்கடி. காத்திருப்புப் பெட்டியை அவள் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில்தான் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கருத்து ஐந்து நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. படித்தவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

கத்தரி எழுதியிருந்தார்: ‘முதுகு நல்லா வருது. முகம் எங்கே? யாரோ முதல் தடவையே போதும்னு சொல்லிட்டாங்க.’

பத்துச் சொல்.

(இந்த இடத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று வர்ணித்து ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். எனக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம் போலிருந்தது.)

“என் ரூல் செஞ்ச வேலையைப் பாத்தீங்களா அண்ணி? அறுபத்து மூணு பொய்யை உள்ள விட்டுட்டு, ஒரே ஒரு உண்மையை வாசல்ல நிக்க வச்சிருக்கு.”

“இருபதைப் பத்தாக்கிடேன்.”

“பத்துச் சொல்லுல பொய் சொல்ல வராதா? குழுவை மூடப்போறேன். இந்த அட்டையை புதன்கிழமை அச்சுக்கு அனுப்பிட்டு, அன்னைக்கே மூடிடறேன்.”

“ஆறு வருஷமா கட்டிக் காத்தது...”

“எதுக்கு ஆரம்பிச்சேன்னு தெரியுமா உங்களுக்கு?” அவள் லேப்டாப்பை மூடினாள். “நம்ம வீட்டுல யாருகிட்ட காட்டினாலும் நல்லா இருக்கு. அண்ணனை விடுங்க, அவர் எது மேல்பக்கம்னு கேப்பாரு. நீங்க எழுதறவங்க. ஒரு சொல்லுக்காக நாள் பூரா உக்காந்திருக்கறதை நான் பாத்திருக்கேன். நீங்களும் நல்லா இருக்குன்னுட்டுப் போயிட்டீங்க. சரி, வெளியிலயாவது நாலு பேர் சொல்லட்டும்னு பாத்தேன். நாலாயிரம் பேர் வந்தும் அதே நல்லா இருக்குதான்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். சண்டை வருகிறது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

6

முடிவுகள் என்று மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில், நாலாயிரம் பேரும் மனம் திருந்தி ஆளுக்கொரு பக்கம் உண்மை எழுதுகிறார்கள். (நாலாயிரம் பக்கத்தை யார் படிப்பது?)

இரண்டாவதில், கத்தரி பேரப்பிள்ளைகளோடு நேரில் வந்து அவளிடம் மூடாதேம்மா என்கிறார். (யாராவது திருப்பி அனுப்பினால் தவிர அவர் பத்துச் சொல்லுக்குமேல் பேச மாட்டார்.)

மூன்றாவது முடிவை எழுதுவதற்குப் பதில் செய்தே பார்த்துவிட்டேன். ‘எட்டு மாதம்’ என்ற பட்டப்பெயரில் நானே குழுவில் சேர்ந்தேன். அவள் அட்டைக்குக் கீழே மறைந்திருந்து உண்மையை எழுதிவிடலாம் என்று கணக்கு. கை பழகட்டும் என்று முதலில் இரண்டு பேருடையதைப் பார்த்தேன். ஒரு ஷாம்பு பாட்டில், ஒரு பஸ் நேர அட்டவணை. ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. கண் எங்கே தடுக்குகிறது என்று சொல்ல, முதலில் உண்மையாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. ‘நல்லா இருக்கு’ என்றால் பார்க்காமலே சொல்லிவிடலாம். பதினோரு வருடமாக நான் அதைத்தான் செய்திருக்கிறேன். பஸ் அட்டவணைக்காரர் ‘இத்தனை நாளா யாருமே இதைச் சொல்லலையே’ என்று பதில் போட்டபோது எனக்கு நாவலுக்குக்கூட வராத சந்தோஷம்.

அப்புறம் அவள் அட்டைக்கு வந்தேன். எழுதினேன். அழித்தேன். அவளுக்கு ஏற்கெனவே அறுபத்து நாலு முகமில்லாதவர்கள் எழுதிவிட்டார்கள். நானும் முகமில்லாமல் எழுதுவதா?

எனவே, வாசகரே, நமக்குள் ஓர் ஏற்பாடு. இந்தக் கதையின் கடைசி வரி என்னுடையது. அதற்கு அடுத்த வரி உங்களுடையது. அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள், குழு மூடியதா, எல்லாவற்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சொல் என்ற கட்டுப்பாடு இல்லை. ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் எனக்கு எழுதி அனுப்பாதீர்கள்.

7

புதன்கிழமை மதியம் அவள் அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் மேசை முழுவதும் அச்சடிக்காத வெள்ளைப் பெட்டிகள். ஒரு இரும்பு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, பாதி கடித்த ஆப்பிள். திரையில் பன்னிரண்டாவது பெண், கடற்கரையைப் பார்த்தபடி, பழையபடியே.

“நீங்க எங்க அண்ணி இங்க? போன்லயே சொல்லியிருக்கலாமே. நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும்.”

“எனக்குக் காட்டவே இல்லையே நீ.”

அவள் பெருமூச்சு விட்டாள். நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தாள். விரல் அனுப்பும் பொத்தான்மேலேயே இருந்தது. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கும் குரலில் கேட்டாள்.

“எப்படி இருக்கு அண்ணி?”

பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன்.

“கண்ணு முதல்ல அவ ஜடைக்குப் போச்சு.”

விரல் நின்றது.

“அங்கேயே தடுக்கிச்சு.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, மிகவும் மெதுவாக, “ஏன்?” என்றாள்.

“பதினோரு வருஷமா இவங்களைப் பின்னாலருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். ஒருத்தியாவது திரும்பணுமே?”

“எனக்கு முகம் வராது அண்ணி. அன்னைக்கும் வரலை. அதனாலதான் முதுகைப் போட்டேன். நீங்க ஏதாவது கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டே காட்டினேன். நீங்க கேக்கலை.”

“எனக்கும் பயம்தான். கல்யாணமாகி எட்டு மாசம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“வராட்டி வரலைன்னு சொல்றேன்” என்றேன். “மறுபடி போடு, மறுபடி சொல்றேன். அச்சகத்துக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன், என் புத்தகம் ஒரு வாரம் தள்ளி வந்தா ஒண்ணும் ஆகிடாது.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. விரல் இன்னும் பொத்தான்மேல்தான் இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அவளை இந்தப் பக்கம் திருப்பேன்மா.”