சேனை வைத்த விரல்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். கண்டி நகரத்தில் முப்பத்தெட்டு வருடமாகப் பாத்திரக்கடை நடத்தும் நான், ராஜலிங்கம். என் மனைவி சீதா. எங்கள் ஒரே மகன் மோகனராஜ். அவன் மனைவி சர்மிளா. அவளுடைய தாய் பாலம்மா. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவள்; குடியிருப்பது லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில். ஆறாவது ஆள், சர்மிளாவின் மடியில் கிடந்த என் பேரன். பிறந்து முப்பத்தோராவது நாள். வேறு யாரும் அங்கே இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அன்று அங்கே இல்லாத பலர் பிறகு தாங்களும் இருந்ததாகக் கதை சொன்னார்கள்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் சேனை வைப்போம். மதிப்பான ஒருவர் விரலில் இனிப்பைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் தடவ வேண்டும். தடவியவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆஸ்பத்திரியில் தாதிகளான மிஸ்ஸிமார் விடவில்லை. ஆகவே துடக்கு கழியும் முப்பத்தொன்றாம் நாளுக்காகக் காத்திருந்தேன்.

தேன் கலகெதரயிலிருந்து வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் காட்டில் எடுத்தது. கலப்படம் இல்லாதது என்று சொல்லித்தான் போத்தலைத் திறந்தேன்.

"ஐயா," என்றாள் பாலம்மா. சம்பந்தி என்று கூப்பிட அவளுக்கு நான் இடம் கொடுத்ததில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும் ஐயாதான். "தேன் வேணாங்க. ஒரு வயசு ஆகிறவரைக்கும் புள்ளைக்குத் தேனே காட்டக்கூடாதுன்னு எங்க மிட்வைஃப் மிஸ்ஸி சொல்லியிருக்காங்க. காம்பராவுல நாங்க யாரும் குடுக்கிறதில்லைங்க."

"லயத்துச் சட்டமெல்லாம் லயத்தோட இருக்கட்டும்," என்றேன். "ஏன், நீயே சேனை வைக்கலாம்னு பாக்குறியா?"

அதில் நகைச்சுவை எதுவும் இல்லை. ஆனாலும் மோகனராஜ் சிரித்தான். சிரிக்காவிட்டால் எனக்குக் கோபம் வரும் என்று அவனுக்குத் தெரியும். பாலம்மா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அந்தக் கைகளைப் பேரனின் வாயருகே விட எனக்கு மனமில்லை. அவள் கேட்காமலேயே அதைச் சொல்லிக் காட்டினேன்.

நானே வைத்தேன். குழந்தை சப்புக்கொட்டியது. அந்த ஆசையில் தொடர்ந்து ஐந்து நாள் காலையிலும் வைத்தேன்.

இரண்டு வாரத்தில் பிள்ளைக்கு மலம் கட்டியது. பிறகு அழுகை மெலிந்து, பூனைக்குட்டியின் குரல் போல ஆயிற்று. பால் இழுக்க முடியவில்லை. இமைகள் பாதியில் நின்றன. தூக்கினால் கழுத்து நனைந்த துணியாய்த் தொங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"பால் சரியில்லை," என்று நான்தான் முதலில் சொன்னேன். "என்னத்தைத் தின்னு வளந்த ஒடம்போ! இனிமே அதைக் குடுக்க வேணாம்."

சர்மிளா ஆஸ்பத்திரிக் குளியலறையில் பாலைப் பீச்சிக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினாள். அப்போது அவள் அழவில்லை என்று சீதா பிறகு சொன்னாள்.

வார்டுக்கு இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார்கள். சஞ்சீவனி என்று பெயர். கிருமிகள் சுரக்கும் நஞ்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். யாழ்ப்பாணத்துப் பெண். குழந்தையின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"பிள்ளைக்குத் தேன், கித்துள் பாணி எண்டு இனிப்பு ஏதும் குடுத்தனீங்களோ? யோசிச்சுச் சொல்லுங்கோ. இது முக்கியம்."

சர்மிளா என்னைப் பார்த்தாள். மோகனராஜ் தரையைப் பார்த்தான்.

"அப்படிப்பட்ட பழக்கமெல்லாம் எங்க வீட்டுல கிடையாது டொக்டர்," என்றேன். "நாங்க டவுன்ல இருக்கிறவங்க."

என் நாக்கு சற்றும் தடுமாறவில்லை. நாட்டுப்புறத்தான் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது என்பதே அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பொய்யால் இரண்டு நாள் போயிற்று. வேறு நோய்களைத் தேடினார்கள். பிள்ளையின் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கத்த வேண்டிய பிள்ளை கத்தவில்லை. அதற்குத் தெம்பு இல்லை. இரண்டாம் நாள் மூச்சும் தளர்ந்தது. குழாய் வைத்து இயந்திரத்தில் போட்டார்கள்.

அன்று மாலை பாலம்மா துவாயில் சுற்றிய ஒரு பொருளோடு வந்தார். இனி அவரை அவர் என்றுதான் எழுத வேண்டும். துவாயை விரித்தார். கலகெதரப் போத்தல். என் வீட்டு அலுமாரியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தது சீதா. நாற்பது வருடத்தில் என்னைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"இதுதாங்க டொக்டர்," என்றார் பாலம்மா. "ஆறு நாள் வச்சாங்க."

"ஆர் வைச்சது?"

"வீட்டுல வச்சதுங்க."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. டாக்டர் ஒரு படிவத்தை எடுத்தார். குழந்தையின் மலத்தையும் தேனையும் சோதிக்க, தாயின் கையெழுத்து வேண்டும். தேன் கொடுத்தவர் குழந்தைக்கு என்ன உறவு என்றும் அதில் ஒரு கேள்வி இருந்தது. டாக்டர் அதை வாசித்தார்.

"மாமா குடுத்தாரு," என்றாள் சர்மிளா. "அம்மா வேணாம்னாங்க. மாமா கேக்கல."

என் முன்னால் அவள் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். அந்தப் பேனா நகர்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெயர் வருமா என்று நான் கேட்டேன். என் பேரன் இயந்திரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் அதைத்தான் கேட்டேன்.

"வராது ஐயா," என்றார் டாக்டர்.

சோதனை முடிவு வந்த நாளில் என்னை உட்காரவைத்து விளக்கினார். தேனில் அந்தக் கிருமியின் வித்து இருந்திருக்கிறது. என் வயிற்றுக்குள் போனால் முளைக்காமல் வெளியே போய்விடும். சின்னப் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராது.

"ஆனா அது சுத்தமான தேன்," என்றேன்.

"சுத்தமான தேனிலையும் இருக்கும் ஐயா. கண்ணுக்குத் தெரியாது."

"ஒருக்கா வந்துட்டதே. இனி எதிர்ப்புச் சக்தி வந்திரும்தானே?" எதையாவது நல்லதாகச் சொல்லவைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"இல்லை. ஆளைக் கிடத்துறதுக்கு இந்த நஞ்சு மிகக் கொஞ்சம் போதும். அந்தக் கொஞ்சத்தை உடம்பு அடையாளம் கண்டு படிக்கிறதில்லை. தடுப்பூசி எண்டா, நஞ்சின்ரை பல்லைப் பிடுங்கிப்போட்டு, உடம்புக்கு விளங்கிற அளவிலை காட்டவேணும். அதைத்தான் நாங்கள் லாப்பிலை எலிகளிலை செய்து பாக்கிறம்." பிறகு எழுந்துகொண்டே சொன்னார்: "அம்மாவின்ரை பாலை ஏன் நிப்பாட்டினீங்கள்? பாலிலை ஒரு பிழையும் இல்லை. குழாயாலை அதைத்தான் குடுக்கிறம் இப்ப."

இரண்டு வருடமாகப் பாலம்மாவுக்குத் தனிக் கிளாஸில் தேநீர் கொடுத்து வந்தோம். அந்த நஞ்சும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான். ஒருமுறைகூட எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

இருபத்திரண்டு நாள் கழித்து இயந்திரத்தை எடுத்தார்கள். பிள்ளை பெருங்குரலில் அழுதான். வார்டே திரும்பிப் பார்த்தது. சர்மிளா அப்போதுதான் அழுதாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் வாகனத்தைத் துடைத்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்தேன். அவர்கள் வந்தார்கள். பாலம்மா ஓர் ஆட்டோவைக் கைகாட்டினார்.

"வண்டியில ஏறும்மா," என்றேன்.

"நான் அம்மாகூடப் போறேன் மாமா," என்றாள் சர்மிளா. "அங்க புள்ளைக்கு எதையும் கேட்டுட்டுத்தான் குடுப்பாங்க."

என் பேரன் லயத்திலா என்ற கேள்வி என் வாய்வரை வந்தது. விழுங்கினேன். மோகனராஜ் பையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினான். கடைசியாக ஏறிய பாலம்மா திரும்பினார்.

"போயிட்டு வர்றோம் சம்பந்தி. புள்ளையப் பாக்கணும்னா வாங்க. கையக் கழுவிட்டுத் தூக்கலாம்."

கேலியாகச் சொல்லவில்லை. பிள்ளைக்காம்பராவில் எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னார்.

கோயிலிலும் கடைத்தெருவிலும் இப்போது ஒரு பேச்சு உண்டு. ராஜலிங்கத்தின் மருமகளுக்குப் பால் கெட்டு, பிள்ளை சாகக் கிடந்ததாம். அதனால் அவர் அவளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம். என் மானத்துக்கு வசதியான பேச்சு. மூன்று மாதமாக நான் அதை மறுக்கவில்லை.

அது உண்மையல்ல. பால் கெடவில்லை. தேன் என் வீட்டுத் தேன். வைத்த விரல் என்னுடையது. மருமகளை நான் அனுப்பவில்லை. அவள் வர மறுத்துவிட்டாள்.