யாரும் சாகாத லீவு

ஓமானில் சோஹார் துறைமுகத்தை ஒட்டிய தொழிலாளர் கேம்ப்பில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெஸ் ஹாலில் இங்கிலீஷ் வகுப்பு. வாத்தியார் பத்திநாதன், குளச்சல்காரன். மற்ற ஆறு நாளும் கம்பெனி ஆபீஸில் லீவு விண்ணப்பங்களை நிரப்பி மேனேஜரிடம் நீட்டுவது அவன் வேலை. பாடப்புத்தகம், ஊர் திரும்பிய ஒரு இஞ்சினியர் விட்டுப்போன அமெரிக்கப் பள்ளி வரலாறு. ஓசியில் வந்ததைக் குறை சொல்ல முடியாது.

ஏழாம் பாடம், அமெரிக்கர்கள் கோடையைக் கழிக்கப் பழகிய கதை. முதலில் பணக்காரர்கள்தான் கடற்கரைக்கும் மலைக்கும் போனார்கள். பிறகு தொழிலாளிக்குச் சனிக்கிழமை அரைநாள் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை டிராம் காலியாக ஓடுகிறதே என்று டிராம் கம்பெனிக்காரன் லைன் முடிகிற இடத்தில் ராட்டினம் போட்டான். அப்புறம் சம்பளத்தோடு லீவு வந்தது.

"சம்பளத்தோடயா?" என்றான் ஐயப்பன். "வீட்ல யாரு சார் செத்தா?"

"யாரும் சாகல. சும்மா இருக்கதுக்கு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். புத்தகம் புளுகுகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கோடையில் நீங்கள் என்ன செய்வீர்கள், இங்கிலீஷில் மூன்று வரி எழுதுக என்பது பயிற்சி. தாள்களை வாங்கிப் பார்த்த பத்திநாதனுக்குத் தலை சுற்றியது. ஐயப்பன் தாத்தாவைக் கொன்றிருந்தான். பக்கத்தில் இருந்தவன் மாமனாரை. பதினோரு தாள், பதினோரு சாவு. அவர்களைச் சொல்லி என்ன? இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. நடுவில் சாவு விழுந்தால்தான் கம்பெனி அசையும். லீவு என்றால் அவர்கள் கைக்குப் பழகிய எழுத்து அது ஒன்றுதான்.

அம்மையப்பன் மட்டும் யாரையும் கொல்லவில்லை. பெரம்பலூர் பக்கத்து ஆள், சாரம் கட்டுகிறவன். வேலை அவசரம் என்று அவன் லீவைத் தள்ளித் தள்ளி மூன்று வருடமாகிவிட்டது. ஊருக்குப் போவேன், அம்மா பக்கத்தில் உட்காருவேன், தூங்குவேன் என்று கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்.

"இதையே அப்ளிகேஷனா போட்டுருங்க சார். அந்த புக்ல அப்படித்தானே குடுத்திருக்கான்?" சிரிக்காமல்தான் கேட்டான்.

பத்திநாதனுக்கு ரோஷம் வந்துவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் ஓய்வு என்று எழுதி மறுநாளே மேனேஜரிடம் நீட்டினான். மேனேஜர் செய்கு அலாவுதீன் நல்ல மனுஷர். அதுதான் வினையாகப் போயிற்று.

"இத மஸ்கட் ஆபீஸ்ல தூக்கி வீசிடுவாங்க தம்பி" என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே வேறு எழுதி, கையெழுத்துப் போட்டார். பதினைந்து நாள். எழுதியதைப் பார்த்தும் பத்திநாதன் தாளை வாங்கிக்கொண்டான். அம்மையப்பன் ஊருக்குப் போனால் போதும் என்றிருந்தது.

லீவுத் தாளை எவனும் படித்துப் பார்ப்பதில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கும்பிடுவான். அம்மையப்பன் படித்தான். எட்டு மாதமாகப் பத்திநாதன் சொல்லிக்கொடுத்தபடியே, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து. மதர். விரல் நின்றது. அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. டெத்.

"காலைலதான் சார் பேசுனேன்" என்றான். "எப்ப வர்ற, என்ன கொழம்பு வைக்கட்டும்னு கேட்டுச்சு."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவான் என்று பத்திநாதன் கையை நீட்டினான். அம்மையப்பன் கொடுக்கவில்லை. மெதுவாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிடாமல் வெளியே போனான். இவனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று பத்திநாதனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.